வாயுப் பிடிப்பு என்று வரப்பில் உட்கார்ந்தவர்

தேவிபட்டினத்தைத் தாண்டி திருப்பாலைக்குடி, உப்பூர் என்று கடற்கரையோரமாக வடக்கே போகிறவர்களுக்கு வழியில் உப்புக் குவியல்கள் தென்படும். அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சில ஆண்டுகள் மருத்துவராக இருந்தேன். ஒரு சித்திரை மாதத்தில், முற்பகல் பதினொன்றரை இருக்கும், லோடு ஆட்டோவில் படுக்கவைத்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முழங்கால் வரை உப்புச்சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உயிர் போய் நேரமாகிவிட்டது என்று தொட்டதுமே தெரிந்தது. வெளியே நின்ற ஏழெட்டுப் பேரிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உப்பளத்தில் எல்லாருக்கும் அவர் மேஸ்திரி மாமா. ஐம்பத்தாறு வயது. பதினைந்து வயதில் தலையில் பெட்டி சுமக்க வந்தவர். கூலிப் பிரச்சினை என்றால் முதலாளியிடம் போய்ப் பேசுகிறவர், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து பந்தல்கால் ஊன்றுகிறவர். பாத்தித் தண்ணீரில் அடர்த்தி அளக்கும் மீட்டர் போட்டு 25 டிகிரி காட்டினால் உப்பு இறங்கத் தொடங்கும் என்பது கணக்கு. இவர் தண்ணீரை விரலில் தொட்டுப் பார்த்தே டிகிரி சொல்லிவிடுவார். உப்பு இறங்கிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை எப்போது திறந்துவிட வேண்டும், எந்தப் பாத்தியில் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும், எல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். மறுநாள் அந்த அளத்தில் ஒருவரும் இறங்கவில்லை. பக்கத்துப் பள்ளிவாசல் தெருவிலும் கடைகளை அடைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பிரஷருக்கும் சர்க்கரைக்கும் நாங்கள் கொடுத்த மாத்திரைகள், பாதி அட்டை பிரிக்காமலே. "மூணு நாளா நெஞ்சு அடைக்குது அடைக்குதுன்னாரு டாக்டர். வாயுதான்னு ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். கடையில சோடாவும் குடிச்சாராம்" என்றார். அவர் தவறு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டாரா, தெரியாது.

என் வேலையில் நான் மிகவும் பயப்படும் சொல் இந்த 'வாயு'. மாரடைப்பு வந்தால் சினிமாவில் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று நினைக்கிறோம். பலருக்கு அப்படி வருவதில்லை. நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தது போன்ற பாரம். வரப்பில் சுமையோடு ஏறும்போது வரும், உட்கார்ந்தால் குறையும். இடது கை கடுக்கும், தாடை வலிக்கும், மேல்வயிறு எரியும். ஏப்பம் வந்தால் கொஞ்சம் லேசானது போல இருக்கும், அதனால் வாயுதான் என்று நம்பிக்கை வந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக, சோர்வாக, குளிர்ந்த வியர்வையாக வரலாம். பெண்களுக்கும் பல நேரம் இப்படித்தான். நடந்தால் வருவது, நின்றால் போவது என்று ஒரு தடவை இருந்தாலே போதும், அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் விடாமல் அழுத்தினால் அது 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

அளத்து வெயில் வேறு. மேலே இருந்து அடிப்பது பாதி, வெள்ளைப் பாத்தியிலிருந்து திரும்பி முகத்தில் அடிப்பது மீதி. கடல் ஈரத்தில் வியர்வை சீக்கிரம் காயாது, காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? உடம்பு தன் சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளுகிறது, வியர்வையில் நீர் குறைந்து ரத்தம் கெட்டியாகிறது, இதயம் வேகம்வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இது தாங்காது. ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். நீர்க்கடுப்போடு வருவார்கள், சிலருக்குச் சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கும். கழிப்பறை கட்டுவதும் மருத்துவம்தான் என்று அங்கே இருந்தபோதுதான் உணர்ந்தேன். இன்னொன்று: உப்பிலேயே நிற்கிறோம், உடம்பில் உப்பு ஏறிவிடும் என்ற நம்பிக்கை தவறு. வியர்வையில் போன உப்பை வாய்வழியாகத்தான் திருப்ப முடியும். நீராகாரம், மோர், ஓ.ஆர்.எஸ். எதுவானாலும் சரி. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் உப்பைக் கூட்டுவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் நீரை வெளியேற்றும், கோடையில் அளவை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அன்று வரப்பில் நடந்ததை உடன் இருந்த ஓர் இளைஞர் சொன்னார். காலையிலேயே மாமா இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறார். லாரி வந்து நிற்கிறது, லோடு ஏற்றியாக வேண்டும். மேஸ்திரி உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். நீங்க வீட்டுக்குப் போங்க மாமா என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரிடம் போய் யார் சொல்வது? சின்னப் பையன் ஒருவன் அப்படி உட்கார்ந்திருந்தால் மாமாவே அதட்டி வண்டியில் ஏற்றி அனுப்பியிருப்பார். நாம் மதிக்கிற ஆளுக்கு மட்டும் அதைச் சொல்ல ஆளில்லை. அந்த அளத்தில் இருந்தது பயம் இல்லை, மரியாதைதான். அந்த மரியாதையே அவரைத் தனியாக விட்டுவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

விழுந்த பிறகு முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள், வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை, அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம், ஆள் மாற்றி ஆள், 108 வரும்வரை. மூச்சு இருக்கிறது, ஆனால் உடம்பு கொதிக்கிறது, உளறுகிறார் என்றால் அது வெப்ப வாதம். அங்கே வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்க நல்ல தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிரவைக்க வேண்டும்.

2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரை. அதைக் கொடுத்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் போகும் வழியிலேயே மருந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் வந்தால்தானே கொடுக்க முடியும்? முதல் நாளே மாமா வந்திருந்தால் என்ற நினைப்பு எனக்குப் பல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

பிரேதப் பரிசோதனை வேண்டாம், உடம்பை அறுக்காதீர்கள் என்று உறவினர்கள் அன்று கெஞ்சினார்கள். புரிந்துகொள்ள முடிகிற கெஞ்சல்தான். ஆனால் பின்னால் நிவாரணம் கேட்டு அலைந்தபோது எதனால் இறந்தார் என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் ஒரு தாளும் இல்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்திருக்கிறது. வெப்பத்தால்தான் இறந்தார் என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அழுகைக்கு நடுவே இதை எடுத்துச் சொல்ல நிதானமான ஒருவர் கூட இருப்பது நல்லது.

அந்த இளைஞர் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தது அவர்தான். அவரை நிறைய பேசவிட்டேன். இப்படித் தவிப்பவர்களுக்கு 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. அப்புறம் ஒருநாள், "எப்படி அழுத்தணும்னு எங்க எல்லாருக்கும் காட்டுங்க சார்" என்று வந்து நின்றார்.

பயிற்சிப் பொம்மை எங்களிடம் இல்லை. பழைய துணி திணித்த ஒரு சாக்கை அளத்துக் கொட்டகையில் போட்டு, ஒரு சாயங்காலம் இருபது பேர் வரிசையாக அழுத்திப் பார்த்தோம். ஆண்கள் பாதியில் களைத்து நிறுத்தினார்கள். பெட்டி சுமக்கும் ஓர் அம்மா மட்டும் முழங்காலிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, நூறு வரை சத்தமாக எண்ணி அழுத்தினார். எண்ணி முடித்ததும் நிமிராமல், "இன்னும் அழுத்தணுமா டாக்டர்?" என்று கேட்டார்.