அவர் குழந்தை இல்லை, 78 வயதுக்காரர்

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவருக்கு 78 வயது. சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. "அட்டெண்டரை அடிக்கிறார் மேடம், மூணு மாசத்துல நாலு பேர் மாறிட்டாங்க" என்று மருமகள் போன் செய்திருந்தார். போய்ப் பார்த்தால் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கட்டிலும் சிவந்த தடம். என்ன இது என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருமகள்தான் சொன்னார். குளிக்கும்போது அடிக்காமல் இருக்கத் துண்டால் கட்டியிருக்கிறார்கள்.

கட்டிக் குளிப்பாட்டியதை இந்த வருஷத்தில் நான் பார்ப்பது இது மூன்றாவது வீடு.

அட்டெண்டர் தம்பிக்கு 23 வயது. விழுப்புரம் பக்கம். என்னிடம் திட்டு வாங்கத் தயாராக மூலையில் நின்றிருந்தார். ஏஜென்சியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்களாம். பி.பி. பார்க்க, சுகர் பார்க்க, டயபர் மாற்ற, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பில் கஞ்சி விட. சரி, டிமென்ஷியாவைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"குழந்தை மாதிரி பாத்துக்கணும்னு சொன்னாங்க மேடம்."

அவ்வளவுதான் பயிற்சி.

மூளையில் என்ன சுருங்குகிறது, எந்தப் புரதம் படிகிறது என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் நர்ஸ். வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கு வரும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. 19 வருஷத்தில் என்னை அதிகம் எரிச்சல்படுத்திய வாக்கியம் இந்த "குழந்தை மாதிரி"தான்.

நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆரம்பத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியையாக இருந்த ஓர் அம்மாவுக்குச் சாதம் ஊட்டும்போது "ஆ காட்டுங்க, சமத்து" என்றேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "நான் மூணு பெத்தவ" என்றார். கிழமை, மாதம், தான் இருக்கும் ஊர் எதையும் சொல்லத் தெரியாத நிலையில் இருந்தவர். என் குரலில் இருந்தது மட்டும் அவருக்கு அச்சுப்பிசகாமல் புரிந்திருக்கிறது.

குழந்தைக்கு இன்றைக்குச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு வரும். இவர்களுக்கு வராது. "நேத்தே சொன்னேன்ல?" என்பதற்கு இங்கே ஒரு பொருளும் கிடையாது. ஆனால் குழந்தை என்று மனதில் எழுதிக்கொண்டால் குழந்தையிடம் செய்வதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. கொஞ்சல், அதட்டல், "சாப்பிடலைன்னா ஊசி போட்டுருவேன்" என்ற மிரட்டல். (குழந்தையிடமும் அப்படிச் சொல்லக் கூடாது, அது வேறு கதை.) மிரட்டியது மறந்துவிடும், அதனால் பரவாயில்லை என்று ஓர் அட்டெண்டர் என்னிடம் வாதாடினார். மிரட்டல் மறக்கும், பயம் மறக்காது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் என்ற டிமென்ஷியா வகை உள்ளவர்களுக்குச் சோகமான படக் காட்சிகளைப் போட்டுக் காட்டிப் பார்த்தார்கள், 2014ல் வந்த ஆய்வு. கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்குச் சரியாக நினைவில்லை. சோகம் மட்டும் போகாமல் நின்றது. காலையில் குளியலறையில் அதட்டிவிட்டு, இட்லித் தட்டைத் தள்ளிவிடுகிறாரே என்று என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

அப்புறம் வெட்கம். சின்னக் குழந்தைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மாற்றலாம், அதற்கு ஒன்றும் இல்லை. இவர் வாழ்நாள் முழுக்கத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தவர். யாரென்றே தெரியாத ஒரு வாலிபர் வந்து லுங்கியை உருவி, சொல்லாமல் கொள்ளாமல் தலையில் தண்ணீரை ஊற்றினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? கையை ஓங்க மாட்டீர்களா? என் கணக்கில் அதற்குப் பெயர் தற்காப்பு. ஏஜென்சி நோட்டில் "வயலன்ட் பேஷன்ட்" என்று எழுதியிருந்தது.

அன்று நான் செய்தது பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே அவருடைய வலது கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். பாதியிலேயே முகம் சுளித்தது. தோள் இறுகிப் போயிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சகஜம். ஒவ்வொரு முறை சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போதும் உயிர் போயிருக்கிறது. "வலிக்குது" என்று சொல்ல வார்த்தை வரவில்லை, கை வந்திருக்கிறது. நாலு அட்டெண்டர்களில் ஒருவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. வலிக்கும் கையைக் கடைசியில் கழற்றி, முதலில் போடவேண்டும். குளித்து முடிக்கும்வரை மடியில் ஒரு துண்டு. தண்ணீர் முதலில் பாதத்தில், "ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு. சொம்பு அவர் கையிலேயே இருக்கட்டும். பாதித் தண்ணீர் தரையில் போனால் போகட்டும். தினமும் தலைக்கு ஊற்றியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேண்டாம் என்றால் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடியும் கேட்டுப் பாருங்கள். தோளுக்கு டாக்டரைப் பார்த்து பிசியோதெரபி ஆரம்பித்தாயிற்று. கட்டுவது அன்றோடு நின்றது.

எப்படிக் கூப்பிடுவது என்பதே பாதிப் பயிற்சி. தன்னார்வலர்கள் எல்லாரையும் "தாத்தா", "பாட்டி" என்கிறார்கள். 74 வயது அம்மா ஒருவர் தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்ற காலத்தில் இருக்கிறார், அவரிடம் போய்ப் பாட்டி என்றால், "யாரைப் பாட்டிங்கற?" என்று எகிறத்தான் செய்வார். சார், டீச்சர், ஐயா, அம்மா, எது பழக்கமோ அது. நம் கண்டக்டருக்கு டிப்போவில் எல்லாரும் சொன்னது "அண்ணே". தம்பியை அப்படிக் கூப்பிடச் சொன்னேன். பேரன் வயதில் இருந்துகொண்டு எப்படி என்று கூச்சப்பட்டார். கூப்பிட்டார். பெரியவர் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் ஆறு மணியானால் அவருக்கு நிலைகொள்ளாது. இடுப்பைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போவார். கலெக்‌ஷன் கட்டணும், பணத்தைக் காணோம், நீதான் எடுத்தே என்பார். திருட்டுப் பட்டம் கேட்டு அழாத அட்டெண்டரே இல்லை. மகன், "நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சுப்பா" என்று தினமும் விளக்கியிருக்கிறார். தினமும் சண்டை. பயிற்சியில் இந்த இடத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "அப்போ பொய் சொல்லணுமா மேடம்?" வேண்டாம். டிப்போவிலிருந்து போன் வந்தது என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம், நமக்கே அது குழம்பிவிடும். கவலைக்குப் பதில் சொல்லுங்கள். "கணக்கு சரியா இருக்கணுமேன்னு கவலையா இருக்காண்ணே? எந்த ரூட்டு?" அவ்வளவுதான். 29சி, பெரம்பூர் டு பெசன்ட் நகர் என்று ஆரம்பித்தால் ஸ்டாப் ஸ்டாப்பாக வருகிறது அவருக்கு. இப்போது ஒரு பழைய தோல் பையில் சில்லறை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்கு அவரும் மருமகளும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். சில நாள் அதற்கும் மசியமாட்டார். அன்றைக்குக் கூடவே தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

என் வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் நோயைப் பற்றிப் பேசவே மாட்டேன். கண்ணைக் கட்டி உட்காரவைத்து, எதிரே ஒருவரை விட்டுப் பேசாமல் தயிர்சாதம் ஊட்டச் சொல்வேன். மூன்றாவது கரண்டியைத் தாண்டியவர்கள் குறைவு. "அடுத்து எப்ப வரும்னே தெரியலை மேடம்" என்பார்கள். அதுதான். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து அடுத்த வாய் கொடுக்கவேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லத் தேவையே இருப்பதில்லை. புரையேறி நுரையீரலில் சளி கட்டி ஐ.சி.யூ. வரை போன கேஸ்கள் நிறைய. அவசரம்தான் காரணம்.

அடுத்து ஒரு தாள். உங்களைப் பார்த்துக்கொள்ள நாளைக்கு ஒருவர் வருகிறார், அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எழுதுங்கள் என்பேன். காபிக்கு எவ்வளவு சர்க்கரை, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன், யாரைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். அதே தாளைத்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டாரைக் கேட்டு நிரப்பச் சொல்கிறேன். என்ன வேலை பார்த்தார், எந்தச் சாமி கும்பிடுவார், ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் என்ன வார்த்தை சொல்வார். இந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள். "தோட்டத்துக்குப் போணும்" என்று ஒரு பாட்டி கெஞ்சிக்கொண்டே இருந்தார், தோட்டமே இல்லாத அடுக்குமாடியில். கிராமத்தில் வளர்ந்தவர் என்று தெரியாத அட்டெண்டர் பால்கனியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். புடவை நனைந்த பிறகுதான் எல்லாருக்கும் புரிந்தது.

தன்னார்வலர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேக்கோடு முப்பது பேர் வந்து, பாட்டுப் போட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போவது உங்கள் மனத்திருப்திக்கு. அன்று ராத்திரி அந்த இல்லத்தில் ஒருவரும் தூங்கமாட்டார்கள், நைட் டியூட்டி நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள், போகிற ஒவ்வொரு முறையும். உண்மையாகவே உதவ வேண்டுமா? நோயாளி இருக்கும் ஒரு வீட்டுக்குப் போங்கள். ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம், இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி பாங்குக்குப் போய்வருவார், பல் டாக்டரிடம் தன் பல்லைக் காட்டிவிட்டு வருவார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். அவர் மறந்தாலும் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அட்டெண்டர்களுக்கு நான் கத்தியே சொல்வது ஒன்று உண்டு. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார், ஆளே மாறிவிட்டார் என்றால் "நோய் முத்திடுச்சு" என்று சும்மா இருக்காதீர்கள். டிமென்ஷியா அப்படி ஒரே நாளில் முத்தாது. மூத்திரத்தில் கிருமித்தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், உடம்பில் நீர் குறைவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். "அமைதியா இருக்க மாத்திரை குடுங்க" என்று கேட்கும் வீட்டாருக்கும் சொல்கிறேன்: அந்த வகை மருந்துகளில் பல டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. சில நேரம் தேவைப்படும்தான், டாக்டர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கொடுத்தது என்று நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. இத்தனை பேருக்கும் நர்ஸ் கிடைக்கப்போவதில்லை. ஜப்பானில் 2005லிருந்து கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று சாதாரண ஜனங்களுக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு எடுத்து, கையில் ஓர் ஆரஞ்சு வளையம் மாட்டி அனுப்பினார்கள். இங்கே அப்படி வகுப்பெடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் முதலில் அடுக்குமாடி வாட்ச்மேன்களைத்தான் உட்காரவைப்பேன். கேட்டுக்கு வரும் நோயாளியை "எங்க போறீங்க, உள்ள போங்க" என்று விரட்டும் அவர், "வாங்க, நானும் அந்தப் பக்கம்தான்" என்று பத்தடி கூட நடந்தால் போதும்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டியது தப்பு. அதை அவரிடமே சொன்னேன். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரவிடுப்பு கிடையாது, அடி வாங்கினால் கேட்க ஆள் இல்லை, வீட்டார் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதி ஏஜென்சிக்கு. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தராமல் அந்தக் குளியலறைக்குள் தள்ளினார்கள். வகுப்புக்கு வா, பணம் வேண்டாம் என்றேன். வந்தார். தயிர்சாதத்தில் இரண்டாவது கரண்டியிலேயே கண்கட்டை அவிழ்த்துவிட்டார்.

அவருடைய ஏஜென்சி முதலாளியிடமும் பேசினேன். "நல்லது மேடம், நாப்பது பேர் இருக்காங்க, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்துல முடிச்சு சர்டிபிகேட் குடுத்துருங்க" என்றார். மூன்று நாள் வேண்டும், பத்துப் பத்துப் பேராக வரட்டும், ஒரு மாதம் கழித்து அவர்கள் வேலை பார்க்கும் வீட்டுக்கு நான் வந்து பார்ப்பேன் என்றேன். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். மூன்று வாரம் ஆகிறது.