நூறு வயதுத் தேக்கும் அசையும்

“பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய பர்மா தேக்குப் பலகையை இரண்டு கருங்கல் மேல் வைத்து, போல்ட் முடுக்கித் தோட்டத்தில் பெஞ்சாகப் போட்டோம். சித்திரையில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. நூறு வருஷம் காய்ந்த மரம் எப்படி வெடிக்கும்?” என்று காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மரம் எத்தனை வயதானாலும் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். மரநாரின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. இந்த இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே போய் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. இழையின் நீளம் மாறுவதில்லை. அதனால்தான் பலகை அகலத்தில் உப்புகிறது, நீளத்தில் அநேகமாக அசைவதே இல்லை. ஈரம், காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் இடம் தீர்ந்துவிடும். மிச்ச நீர் செல்லின் உட்குழியில் சும்மா கிடக்கும், உப்பல் நின்றுவிடும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

40 செ.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஐப்பசி மழைக்கும் அக்னி நட்சத்திரத்துக்கும் இடையே ஈரம் 8 சதவீதம் மாறினால் அகலம் 6 மி.மீ. வரை மாறலாம். கல் அசையாது. இரண்டு போல்டும் இறுக்கமாக இருந்தால், சுருங்க வழியில்லாத மரம் தன் பலவீனமான திசையில், நாரோடு நார் பிரிந்து வெடிக்கும். அமாவாசையில் வெட்டிய மரம் வெடிக்காது என்பார்கள். நாள் பார்ப்பதைவிட ஈரம் பாருங்கள்: பலகை முனையிலிருந்து ஓரடி தள்ளி அறுத்த துண்டு 115 கிராம் இருந்து, அடுப்பில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை காய வைத்தபின் 100 கிராம் வந்தால், ஈரம் 15 சதவீதம்.

இனி வெடிக்காத பெஞ்சு செய்யும் வேலை. பலகை 150 செ.மீ. நீளம், 5 செ.மீ. கனம். கால்களுக்கு 70 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனமுள்ள இரண்டு கருங்கல். ஒவ்வொன்றும் நூறு கிலோவை ஒட்டி வரும். செம்புறாங்கல் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கும். ஜல்லி இடித்த குழியில் 30 செ.மீ. புதைத்து, இரண்டு கல்லின் தலையையும் ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கவும்.

கல்லின் தலையில், கல்லுக்கு இரண்டு வீதம், 25 செ.மீ. இடைவெளியில், 12 மி.மீ. துளை 8 செ.மீ. ஆழத்துக்குப் போட்டு, தூசியை ஊதி எடுத்து, 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் மரைக்கம்பியை எபாக்ஸிப் பசையில் நிறுத்துங்கள். சாதா இரும்பு துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே விரிய வைக்கும். துருப்பிடிப்பது போன்ற உலோக அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு மட்டுமல்ல, ஆசாரியும் கொல்லரும் கையில் வைத்துப் படிக்கும் தமிழ்க் கையேடுகளுக்கும் அரசு நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் கட்சி.

பலகையில் ஒவ்வொரு கல்லுக்கும் மேலே ஒரு துளை கம்பிக்குச் சரியாக 10 மி.மீ.; மற்றது அகலவாக்கில் 18 மி.மீ. நீண்ட துளை. இரண்டு கல்லிலும் இறுக்கத் துளை ஒரே ஓரத்தில் இருக்கவேண்டும். மாறிப் போனால் பலகை கோணும். ஆண்டு வளையம் முனையில் கிண்ணம் போல் தெரியும் பக்கம், அதாவது மரத்தின் நடுவை ஒட்டிய வைரப் பக்கம், மேலே வரட்டும். காய்ந்தால் நடு சற்றே மேடாகி மழைநீரை வழியவிடும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே 5 மி.மீ. ரப்பர் வாஷர் கட்டாயம். இல்லையென்றால் அந்த இடுக்கில் தண்ணீர் தங்கி மரம் அங்கேயே மக்கத் தொடங்கும். மேலே அகல வாஷர், நைலான் வளையம் வைத்த நட்டு. வாஷர் கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் முடுக்கினால் போதும்.