‘லைசன்ஸ்’: அனுமதிப்பத்திரமா, உரிமமா?

தோட்டக் காரியாலயங்களில் புழங்கும் கொள்வனவுப் படிவங்களில் ‘விரிதாள் மென்பொருள் அனுமதிப்பத்திரம் – 1’ என்றொரு வரி வழக்கமாகிவிட்டது. அதைப் படிக்கிற கிளாக்கர் எக்செல் ஒன்று வாங்கி, காரியாலயத்தில் இருக்கிற ஆறு கணினியிலும் போடப் பார்க்கிறார். பத்திரம் ஒன்று, காரியாலயம் ஒன்று, கணக்குச் சரி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சொல்லே அப்படித்தான் நினைக்க வைக்கிறது.

லைசன்ஸ் என்பதன் மூலம் இலத்தீன். ‘லிகெரே’ என்றால் தடையின்றி இருத்தல், செய்யத் தகுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் ‘உரி’ அடி: உரிய, உரிமை, உரித்து, உரிமம். வேர்க்கதை இவ்வளவு போதும்.

இலங்கை அரசகருமத் தமிழில் லைசன்ஸ் என்றாலே அனுமதிப்பத்திரம்தான். சாரதி அனுமதிப்பத்திரம், துப்பாக்கி அனுமதிப்பத்திரம், மதுபான அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுக்கிற காணிப் பத்திரத்துக்கும் இதே பெயர். சிங்களத்திலும் ‘பலபத்ரய’ என்று கடதாசியில்தான் முடிகிறது. இவை எதிலும் குறையில்லை. அரசு தடுத்து வைத்திருக்கும் ஒரு காரியத்தைக் குறிப்பிட்ட ஆளுக்கு அனுமதிக்கிறது, அதற்குச் சாட்சியாகக் கடதாசி கொடுக்கிறது. பொலிஸ் மறித்தால் எடுத்துக் காட்டலாம்.

மென்பொருளில் கொடுப்பது அரசு அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சித்திட்டங்களையும் பதிப்புரிமைக்குள் வைக்கிறது. அந்த உரிமையை உடையவர், பாவிக்கிற உரிமையை மட்டும் பிரித்து, நிபந்தனையோடும் எண்ணிக்கையோடும் நமக்குத் தருகிறார். கடதாசி வரலாம், வராமலும் போகலாம். எண்ணிக்கைதான் முக்கியம். ‘அனுமதிப்பத்திரம்’ மறைப்பதும் அதைத்தான்.

எதை எண்ணுவது என்பதும் பொருளுக்குப் பொருள் மாறும். எக்செல் அடங்கிய ஆபீஸ் எல்டிஎஸ்சி 2024ஐ நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது போன்ற தொகுதிக் கொள்வனவில் கணினியை எண்ணுவார்கள். சேவையகத்தில் (சேர்வரில்) ஒரே ஓர் எக்செல் போட்டுவிட்டு, பத்துக் கணினியிலிருந்து தொலைநிலையில் திறந்தாலும் பத்து உரிமம் வேண்டும். சந்தா கட்டிப் பாவிக்கும் மைக்ரோசொப்ட் 365இல் எண்ணுவது ஆளை: ஓர் ஆள் 5 கணினி, 5 டெப்லட், 5 கைத்தொலைபேசி வரை போட்டுக்கொள்ளலாம். மாறி மாறி வேலைக்கு வருகிற நாலு பேருக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரே கணினிதான் என்றால், நிறுவும்போதே பொதுக்கணினி முறையை, அதாவது அந்தக் கணினி எவருடைய கணக்கிலும் சேராத ஏற்பாட்டை, இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேருக்கும் உள்ள ஐந்து கணினியில் ஒவ்வொன்று போய்விடும். அந்த வசதி எல்லாத் திட்டத்திலும் கிடையாது, வாங்குமுன் கேட்பது நல்லது. ‘அனுமதிப்பத்திரம் – 6’ என்று எழுதினால் இதில் எது, ஆறு ஆளா, ஆறு கணினியா? ‘கணினி உரிமம் – 6’ அல்லது ‘ஆள் உரிமம் – 6’ என்று எழுதினால் கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை.

கேஎம்எஸ் முறையில், அதாவது காரியாலயத்துச் சேவையகமே மற்றக் கணினிகளின் மென்பொருளைச் செயற்படுத்திக் கொடுக்கும் முறையில், இந்தக் குழப்பம் இன்னும் மோசம். ஆபீஸ் மென்பொருளுக்கு அது வேலை செய்யக் குறைந்தது 5 கணினியாவது சேவையகத்திடம் வந்து கேட்டிருக்க வேண்டும். மூன்று கணினி உள்ள சின்னக் காரியாலயத்தில் அது கடைசிவரை செயற்படாது, அங்கே ஒவ்வொரு கணினியையும் நேரே மைக்ரோசொப்டிடம் செயற்படுத்தும் மேக் (MAK) சாவிதான் பொருத்தம். செயற்பட்டாலும் 180 நாளைக்குத்தான் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை கணினி தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். டிவிஷனுக்குக் கொண்டுபோன மடிக்கணினி அரை வருடம் வலையமைப்புப் பக்கமே வராவிட்டால் ‘உரிமமற்ற பொருள்’ என்ற அறிவிப்புக் காட்டத் தொடங்கும். அப்போது கிளாக்கர் கோப்பைத் திறந்து பத்திரத்தைக் காட்டுகிறார். திகதி முடியவில்லையே என்கிறார். பத்திரம் முடியவில்லை, சரி. அந்தக் கணினியின் செயற்படுத்தல் முடிந்துவிட்டது. வலையமைப்பின் 1688ஆம் துறை (போர்ட்) வழியாகச் சேவையகத்தோடு பேசவிட்டாலே தீர்ந்துவிடும்.

இலவச மென்பொருள் பக்கம் வந்தால் இந்தச் சொல் நேரே பொய்யாகிறது. ‘லிப்ரே ஆபீஸுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை’ என்று வழிகாட்டிகளில் எழுதுகிறார்கள். அதற்கும் உரிமம் உண்டு, மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பு. எத்தனை கணினியிலும் போடு, பிரதி எடு, திருத்து என்று அந்த உரிமம் தருவதால்தான் நாம் போடுகிறோம். தேவையில்லாதது பணம் மட்டுமே.

சிலர் ‘உரிமைப்பத்திரம்’ என்கிறார்கள். அது மறுகோடி. வாங்கியவருக்கே சொந்தம் என்று தொனிக்கிறது. மென்பொருள் நமக்குத் தோட்டம் இருக்கக் கொடுத்த லயத்துக் காம்பரா மாதிரி: இருக்கலாம், புழங்கலாம், விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. காணி உறுதிக்கு ஏங்குகிற மலையகத்துக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘உரிமம்’ இந்தியச் சொல், நமக்கு ஒட்டாது என்றொரு முணுமுணுப்பு உண்டு. நம் சட்டத் தமிழிலேயே ‘உரித்து’ இருக்கிறது, அதன் உடன்பிறப்பு இது. பத்திரம் வடசொல் என்பதற்காகவும் இதைச் சொல்லவில்லை. தூய்மை பார்த்தால் கிளாக்கரையும் காரியாலயத்தையும் முதலில் துரத்த வேண்டிவரும். எண்ணக்கூடிய சொல் வேண்டும், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் இத்தோடு விடுவதில்லை. பாவனை இடங்களை எண்ணும் ‘சீட் லைசன்ஸை’ ‘இருக்கை உரிமம்’ ஆக்கி, கதிரை வாங்கவா என்று களஞ்சியக்காரரைக் கேட்க வைத்திருக்கிறார்கள். பலர் சேர்ந்து பாவிக்கிற தாளை ‘பகிரப்பட்ட விரிதாள்’ என்றால் பங்கு பிரித்த தாள் போலிருக்கிறது, ‘பொது விரிதாள்’ என்றாலே விளங்கும். பொது விரிதாளில் உண்மையில் சொல்லித்தர வேண்டியது வேறு: கரண்ட் போய்க் கணினி அணைந்தால், கோப்புறையில், யாரோ திறந்து வைத்திருப்பதாகக் காட்டும் பூட்டுக்கோப்பு ஒன்று தங்கிவிடலாம். அடுத்தவர் திறக்கையில் வாசிக்க மட்டும் வரும். ஒருவரும் திறந்து வைக்கவில்லை என்று உறுதி செய்தபின் அதை அழிக்க வேண்டும். இதை ஒரு வழிகாட்டியும் தமிழில் ஒழுங்காகச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிப்பது நிரை (கிடைவரிசை), நிரல் (நெடுவரிசை). தொழிலாளர் வரவுப் பதிவேடான செக்ரோலை விரிதாளில் போட்டால் ஆளுக்கொரு நிரை, திகதிக்கொரு நிரல், கட்டத்தில் பேர் (ஒரு நாள் வேலை) அல்லது அரைப்பேர். தமிழ்நாட்டில் நிரல் என்றால் மென்பொருள் கட்டளைத் தொகுப்பு. அங்கே எழுதிய வழிகாட்டியை அப்படியே பிரதி பண்ணி, ‘முதலில் நிரலை நிறுவுக’ என்று அனுப்பி வைக்கிறார்கள். செக்ரோல் போடுகிற பிள்ளை எக்செல் நிறுவுமுன்னே திகதிக் கட்டம் கீறப் போகிறது.