அந்த இலக்கம் எங்கே பிறந்தது?

2001 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை என்னவென்று ஓர் ஒப்படைக்காக இணையத்தில் தேடிப் பாருங்கள். ஏதோ ஒரு பக்கம் கடைசி இலக்கம் வரை துல்லியமாக ஒரு விடை தரும். ஆனால் அந்த ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பு போரினால் இலங்கையின் 25 மாவட்டங்களில் 18 இல் மட்டுமே முழுமையடைந்தது. அம்பாறை அந்தப் பட்டியலில் உண்டு, மட்டக்களப்பு இல்லை. ஆகவே கிடைப்பது உத்தேச மதிப்பீடாகவோ அரைகுறை எண்ணிக்கையாகவோதான் இருக்கும். அதைச் சொல்லாமல் வெறும் இலக்கத்தைப் போடுகிற பக்கம் மூல அறிக்கையைப் பார்த்திருக்காது.

இன்னொரு பொறி 1961. அம்பாறை தனி மாவட்டமானது அந்த ஆண்டில்தான். 1953 கணக்கெடுப்பில் உள்ள ‘மட்டக்களப்பு மாவட்டம்’ கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் சேர்ந்தது. அந்தத் தொகையை 2012 இன் 526,567 உடன் ஒப்பிட்டு வளர்ச்சி வீதம் கணித்தால், இரண்டு இலக்கமும் சரியாக இருந்தும் விடை பிழைக்கும். அம்பாறையின் 649,402 ஐயும் கூட்டி, எல்லை மாற்றங்களையும் பார்த்த பிறகே ஒப்பீட்டுக்கு இறங்கலாம். நம்பத்தகுந்த தளத்திலிருந்து எடுத்தேன் என்பது மட்டும் இங்கே காப்பாற்றாது.

ஒரு தளம் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று ஆராய்வதில் நேரம் போக்காதீர்கள். முகவரிக்குப் பக்கத்தில் சில உலாவிகள் காட்டும் பூட்டுச் சின்னம் இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருப்பதை மட்டுமே காட்டும். பொய்த் தளத்துக்கும் அது கிடைக்கும். பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள். புதிய தாவலைத் திறந்து, அந்தத் தளத்தை நடத்துவது யார், பிறர் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பிறகு கட்டுரையிலிருந்து எட்டுப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு பன்னிரண்டு தளங்களில் வந்தால் உங்களிடம் இருப்பது பன்னிரண்டு சான்றுகள் அல்ல, ஒன்றுதான்.

விக்கிப்பீடியாவில் இதே சிக்கல் வட்டமாகச் சுற்றும். ஒருவர் ஆதாரமில்லாமல் இலக்கம் சேர்ப்பார், செய்தித்தளம் அதை எடுத்துப் போடும், பின்னர் அந்தச் செய்தியே அடிக்குறிப்பாகத் திரும்பி வரும். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து இலக்கம் சேர்ந்த திகதியையும் செய்தி வெளிவந்த திகதியையும் ஒப்பிட்டால் எது முந்தியது என்று தெரிந்துவிடும்.

மூலத்தைத் திறந்தால் சில வேளை கதையே மாறும். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்ற கதைக்கு ஆதாரமாகப் பலர் இழுத்து வருவது பிரித்தானியர் கால இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டை. 1848 இல் இங்கே வந்தபோது அவர் ஒலியைக் கேட்டது உண்மை. ஆனால் மீனவர்கள் அந்த ஒலிக்குக் காரணமென்று அவரிடம் சொன்னது மீனை அல்ல, ஊரி என்னும் ஓட்டுயிரியை. அவருடைய நூல் பதிப்புரிமைக் காலம் கடந்தது, வருடிய பக்கங்களாகவே வாசிக்கலாம். தமிழ் மூலங்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயரிலுள்ள எண்ணிம நூலகத்தை முதலில் பாருங்கள்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இணையக் களஞ்சியங்களில் தேடும்போதும் ஆவணத்தின் வகையைக் கவனியுங்கள். மாநாட்டுச் சுருக்கமும் மதிப்பாய்வு செய்யப்பட்ட ஆய்விதழ்க் கட்டுரையும் ஒரே எடை அல்ல. கட்டுரையில் மாதிரியின் அளவும் தரவு சேர்த்த காலமும் இல்லையென்றால் ஒதுக்கி வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் உசாத்துணைப் பட்டியலை அப்படியே ஒட்டுவது மிக ஆபத்து. ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை என்ற நிலை சாதாரணமாக வரும். பட்டியலில் 10 என்று தொடங்கும் டிஓஐ (DOI) இலக்கம், அதாவது கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண், இருந்தால் அதை டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். இலக்கம் திறக்காவிட்டாலோ வேறு தலைப்புக்குப் போனாலோ, அந்தத் தலைப்பை முழுதாக மேற்கோள் குறிக்குள் தேடுங்கள். அதிலும் அகப்படாத வரியை ஒப்படையில் வைக்க வேண்டாம்.