இசைக்கும் சேர்த்து ஒரு ரிசீவர்

"படம் பார்க்க ரிசீவர், பாட்டுக் கேட்க ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்" என்று ஒலிக்கருவிகளில் ஊறியவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ரிசீவர் என்பது டிவி, டிஸ்க் பிளேயர் போன்றவற்றின் ஒலியை வாங்கி ஐந்து, ஏழு ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி; ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கும். அவர்கள் சொல்வதை நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். இப்போது நம்பவில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட நம் வீட்டு அறைகளில், பார்த்து வாங்கிய ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர், அதே விலைக்குக் கிடைக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைவிட இசையை நன்றாகவே தரும். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்களுக்கும் காதில் விழும் இசைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

அந்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற சிறிய ரிசீவரை எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில், தொழில்நுட்ப விவரங்கள் உள்ள பகுதியில், ஒரே கருவிக்கு மூன்று வாட் கணக்குகள் இருக்கின்றன: 135, 100, 70. மூன்றும் 6 ஓம் மின்தடை கொண்ட ஸ்பீக்கருக்கான அளவுகள், மூன்றும் உண்மை. 135 வாட் என்பது ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான பாதையை, மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அதிர்வெண்ணில், 10 சதவீதத் திரிபு வரும்வரை விரட்டி அளந்தது. திரிபை 0.9 சதவீதத்தில் நிறுத்தினால் அதே சேனல் 100 வாட் தருகிறது. இரண்டு சேனல்களையும் சேர்த்து இயக்கி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு வீச்சிலும் 0.09 சதவீதத்துக்கு மேல் திரிபு கூடாது என்று கட்டுப்படுத்தினால் 70 வாட். இசை கேட்பவருக்கு வேண்டியது இந்த மூன்றாவது வரி மட்டும்தான். மூன்றையும் அச்சிட்டிருப்பது நேர்மையான செயல். முதல் எண்ணை மட்டும் சொல்லி மற்றவற்றை மறைக்கும் கருவிகள் சந்தையில் ஏராளம். இப்படி வாட் கணக்கை ஊதிப் பெருக்கும் வழக்கம் முற்றியதால்தான் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974ஆம் ஆண்டிலேயே ஆம்ப்ளிஃபயர்களுக்கு அளவீட்டு விதி கொண்டுவந்தது.

10 சதவீதத் திரிபு என்றால் என்ன? ஆம்ப்ளிஃபயரால் எட்ட முடியாத உயரத்துக்கு ஒலி அலை எழும்போது, அதன் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடுகிறது. பாடகர் பாடாத, வீணை எழுப்பாத புதிய அதிர்வெண்கள் அந்தத் தட்டையான உச்சியிலிருந்து பிறக்கின்றன. குரல் கரகரக்கிறது. வயலின் காதைக் கீறுகிறது.

வாட் விஷயத்தில் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் திறன் சுமார் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 135 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் இடையே 3 டெசிபல்கூட இல்லை. 80 வாட் கருவிக்கும் 100 வாட் கருவிக்கும் இடையே வெறும் 1 டெசிபல். அந்த 20 வாட்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளே இல்லை.

அப்படியானால் எதில்தான் பொருள் இருக்கிறது? ஒரு கச்சேரிப் பதிவை வீட்டில் இதமான அளவில் கேட்கும்போது ஸ்பீக்கருக்குள் போவது அரை வாட் இருந்தால் அதிகம். தம்புரா இழைந்துகொண்டிருக்கிறது, பாட்டு நிதானமாக நகர்கிறது. மிருதங்கத்தில் ஓர் அழுத்தமான அடி விழுகிறது. அந்த அடி சராசரியைவிட 20 டெசிபல் உயரலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. அரை வாட் கண்ணிமைக்கும் நேரத்தில் 50 வாட்டாகி மறுபடியும் அரை வாட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்தத் தாவலில்தான் கருவியின் தரம் தெரியும்.

தாவலுக்கான மின்சாரம் சுவரிலிருந்து நேராக வருவதில்லை. ரிசீவரின் மேல்மூடியில் உள்ள காற்றுத் துளைகள் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். கனத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தெரியும். பக்கத்திலேயே கறுப்பு டப்பாக்கள்போல இரண்டு பெரிய மின்தேக்கிகள் நிற்கும். அவற்றை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் விட்டுவிட்டு நீரை ஏற்றுகிறது, குழாய் எப்போது வேண்டுமானாலும் திறக்கப்படலாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இந்த மின்தேக்கிகளை நொடிக்கு நூறு முறை நிரப்புகிறது. இரண்டு நிரப்பலுக்கு இடையே 10 மில்லி நொடி. அந்த இடைவெளியில் மிருதங்க அடி கேட்கும் மின்சாரம் முழுவதையும் தொட்டிதான் கொடுத்தாக வேண்டும். தொட்டி சிறியதானால் மின்னழுத்தம் சரியும், அடியின் கூர்மை மழுங்கும்.

ரிசீவரில் ஏழு சேனல்களுக்கும் பெரும்பாலும் இந்த ஒரே தொட்டிதான். இதைக் குறையாகவே எல்லோரும் பேசுகிறார்கள். படத்துக்கு அது குறைதான். ஆனால் பாட்டுக் கேட்கும்போது இயங்குவது இரண்டு சேனல்கள் மட்டும். ஏழு பேருக்கு வைத்த தொட்டி முழுவதும் அப்போது இரண்டு பேருக்குக் கிடைக்கிறது. ஆகவே சேனல்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் தொட்டியின் அளவைப் பாருங்கள். அதற்கு எளிய வழி எடை. வழக்கமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இரண்டு ரிசீவர்களில் ஒன்று எட்டு கிலோவும் மற்றொன்று பன்னிரண்டு கிலோவும் இருந்தால், அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு இரும்பும் செம்பும் வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகடுகளும்தான். மின்சாரத்தை அதிவேகமாக ஏற்றி அணைத்து வேலை செய்யும் டி வகை ஆம்ப்ளிஃபயர் கொண்ட கருவிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவை இயல்பிலேயே இலகுவானவை.

ஸ்பீக்கரின் ஓம் கணக்கும் இங்கே சேர்கிறது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் காட்டுவதில்லை. சில இடங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கும். மின்தடை பாதியானால் கேட்கும் மின்னோட்டம் இரு மடங்கு. 4 ஓம் அளவையும் தயங்காமல் வெளியிட்டிருக்கும் கருவியை நம்பி வாங்கலாம். மெனுவில் 4 ஓம் என்று ஒரு தேர்வு மட்டும் இருந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் அது உள்மின்னழுத்தத்தைக் குறைத்து, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. திறனும் சேர்ந்தே குறையும்.

டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்அலையாக மாற்றும் சில்லு எந்த நிறுவனத்துடையது என்று விவாதிப்பவர்கள் உண்டு. இன்றைய சில்லுகளில் எளியதுகூட 1982இல் வந்த 16 பிட் குறுந்தகட்டின் தேவையைத் தாண்டியே வேலை செய்கிறது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஏனென்றால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக இசையைக் கெடுப்பது நம் அறை. என் அறை பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், கூரை பத்தடி உயரம். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. இரண்டு சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒலி அங்கேயே தங்கி வீங்கும். நீளவாட்டில் கணக்கிட்டால் அது சுமார் 48 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 57. கூரையும் பத்தடி என்பதால் மேலும் கீழுமாக அதே 57 இன்னொரு முறை வந்து சேர்கிறது. அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர்கள் சற்று அதிர்ந்து இந்தத் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் கான்கிரீட் அசையாது, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். ஓர் அதிர்வெண் மட்டும் 10 டெசிபல்கூட எழும்பி நிற்கலாம்.

மிருதங்கம் கேட்பவருக்கு இது பெரிய கொடுமை. சாதாரணத் தோல் கருவிகளில் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெறும் தாள ஓசையாக நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்புக் கரணை அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி இருக்கிறது. இடப்பக்கத் தொப்பியில் கும்கி கொடுக்கும்போது, அதாவது தோலைக் கையால் அழுத்தித் தேய்க்கும்போது, ஒலி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறது. அறை ஓர் அதிர்வெண்ணைப் பிடித்து வீங்கவைத்தால் அந்த வழுக்கல் எல்லாம் ஒரே 'தும்' ஆகிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரானாலும், அறையை அளக்கும் வசதி இல்லாதவரை அதற்கு இது தெரியாது.

ரிசீவருக்குத் தெரியும். பெட்டியோடு வரும் சிறிய மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் குருவி கத்துவதுபோல் ஓர் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, எந்த அதிர்வெண் எவ்வளவு வீங்குகிறது என்று கணித்து, அதற்கு எதிரான வடிகட்டியை அமைத்துக்கொள்கிறது. டெனான், மராண்ட்ஸ் கருவிகளில் இருக்கும் ஆடிசி என்ற அறைத் திருத்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவர், திரையரங்குகளுக்கு டிஎச்எக்ஸ் தரத்தை வகுத்த டாம்லின்சன் ஹோல்மன். சுவீடனில் பிறந்த டிராக் முறையைச் சில ரிசீவர்களில் தனியே பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். இசைக்காகக் கூடுதல் பணம் ஒதுக்க முடிந்தால் நான் அதை முதலில் இங்கேதான் போடுவேன். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபரின் ஒலியையும் நுணுக்கமாகத் திருத்துகிறதா? திருத்தத்தைத் தாழ்ந்த ஒலிகளோடு நிறுத்திக்கொள்ள விடுகிறதா? சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறை ஆட்சி செய்கிறது. அதற்கு மேலே நல்ல ஸ்பீக்கரின் குரலில் கை வைக்காமல் இருப்பது நல்லது. வீக்கத்தை வெட்டலாம் என்பதையும், அலைகள் ஒன்றையொன்று அழித்து ஒலி குறையும் பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால் நாற்காலியை நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களில் இல்லாத இன்னொரு வசதி, தாழ்ந்த ஒலியைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புவது. அதிர்வெண் பாதியாக இறங்கினால், அதே உரப்பைக் கொடுக்க ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். ஐந்து அங்குலக் கூம்பை 40 ஹெர்ட்ஸுக்கு விரட்டினால் அது மூச்சுத் திணறும், அதே கூம்பிலிருந்து வரும் குரலும் சேர்ந்து கலங்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் கொடுத்துவிட்டால் சிறிய ஸ்பீக்கருக்கும் ரிசீவருக்கும் சுமை இறங்குகிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது என்பதால் பாடகர் இடம் மாறுவதும் இல்லை. 'ப்யூர் டைரக்ட்' பொத்தானை அழுத்தினால்தான் தூய இசை என்று எண்ணுகிறவர்கள், அது பெரும்பாலான கருவிகளில் இந்தப் பிரிப்பையும் அறைத் திருத்தத்தையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண 'ஸ்டீரியோ' நிலையில் கேளுங்கள்.

இரவில் மெல்லக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒலி குறையக் குறையக் காது தாழ்ந்த அதிர்வெண்களை அதிகமாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆடிசியின் 'டைனமிக் ஈக்யூ' அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. ஆனால் அது திரைப்பட ஒலியளவை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுவதால் பாட்டில் பேஸ் தூக்கலாகிவிடும். மெனுவில் 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்ற அளவை 10 அல்லது 15 டெசிபலுக்கு மாற்றினால் சரியாகும்.

கடையில் இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தச் சொல்லுங்கள். 1 டெசிபல் உரக்கக் கேட்பதே காதுக்கு நல்லதாகப் படும், உரப்பு என்று தோன்றாது. உங்களுக்கு மனப்பாடமான பதிவையே கொண்டுபோங்கள். பின்பக்கத்தில் முன் ஸ்பீக்கர்களுக்கான ப்ரீ-அவுட் துளைகள் (திறன் கூட்டுவதற்கு முந்தைய ஒலியை வெளியே எடுக்கும் இணைப்புகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பின்னாளில் ஒரு தனி பவர் ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்து, ரிசீவரின் அறைத் திருத்தத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்தபின் கருவியை டிவி அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

என் ரிசீவரில் முதல் முறை அளந்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் மைக்கில் புகுந்து, வந்த ஒலி உயிரற்றுக் கிடந்தது. ஒரு வாரம் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஓர் இரவு பதினொரு மணிக்கு மின்விசிறியை நிறுத்தி, ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கழற்றி, சன்னல்களைச் சாத்தி, வியர்வையோடு மைக்கை ஆறு இடங்களில் மாற்றி வைத்து மறுபடி அளந்தேன். கைபேசியில் வரைபடம் வந்தது. 60 ஹெர்ட்ஸைத் தொடுவதற்குச் சற்று முன்னால், காகிதத்தில் நான் போட்டுவைத்திருந்த 57இன் இடத்தில், கூம்பாக ஒரு குன்று எழுந்து நின்றது. திருத்தத்தை ஏற்றிவிட்டு ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். தொப்பியில் கும்கி ஏறி இறங்குவது அந்த அறையில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது.