கொள்ளிவாய்ப் பிசாசுக்குக் கொள்ளி வைத்தது யார்?

போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மன்னார்குடிப் பக்கம் ஊர். அவருடைய அப்பாயி சின்ன வயதில் ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்தவராம். வாயைத் திறந்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு, கிட்டே போனால் தள்ளித் தள்ளிப் போகும். பேரன் பொறியியல் படித்தவர் இல்லையா, "அது பிசாசு இல்ல அப்பாயி, மீத்தேன் வாயு, சேத்துலேருந்து வந்து எரியும்" என்று விளக்கியிருக்கிறார். அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாராம்: "சரிடா, பத்த வெச்சது யாரு?"

பேரனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு எழுதிவிட்டார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடங்களில் பேசப் போகும்போதெல்லாம் நானும் இதே மீத்தேன் பதிலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் எழுந்து அப்பாயியின் கேள்வியைக் கேட்டதில்லை. அதைவிட மோசம், நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

மீத்தேன் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கே தெரியும். ஏரியின் அடியில் இலை, தழை, செத்த பூச்சி எல்லாம் சேற்றில் புதைகின்றன. அங்கே ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கின்றன. கடைசிப் பந்தியில் உட்காருபவை ஆர்க்கியா என்ற வம்சம். பார்க்க பாக்டீரியா போல இருந்தாலும் இவை தனிக் குடும்பம். இவை வெளியே விடும் கழிவுதான் மீத்தேன். நடவு வயலில் காலை வைத்தால் கணுக்காலைச் சுற்றிக் குமிழிகள் கிளம்புமே, அதில் இதுவும் இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு மீத்தேன் என்றதும் போராட்டம் ஞாபகம் வரும். அது பல நூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரிப் படுகையில் சிக்கியிருப்பது. இங்கே பேசுவது முழங்கால் ஆழச் சேற்றுச் சரக்கு. மூலக்கூறு ஒன்றுதான், வயதுதான் வேறு.

பத்தாவது படிக்கும்போது நானும் என் மாமா மகனும் ஒரு குட்டையில் இதைப் பிடித்திருக்கிறோம். பாட்டில் நிறையத் தண்ணீர், அதைத் தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து, வாயில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைச் செருகி, கீழே சேற்றைக் கம்பால் கிண்டினோம். குமிழிகள் புனல் வழியாக ஏறி, பாட்டிலுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. அரைப் பாட்டில் சேர அரை மணி நேரம் ஆனது. கரைக்குக் கொண்டுவந்து தீக்குச்சியை நீட்டினால், 'பப்' என்று ஒரு சத்தம், வெளிர் நீலத்தில் ஒரு நாக்கு, அவ்வளவுதான். புருவம் கருகியது என் மாமா மகனுக்கு. நீங்கள் செய்ய வேண்டாம்.

இதையேதான் 1776-ல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா செய்தார் என்று பிற்பாடு படித்தபோது எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. சதுப்பு வாயு எரியும் என்று காட்டியவர் அவர். 1783-ல் ஜார்ஜ் வாஷிங்டனும் தாமஸ் பெய்னும் நியூ ஜெர்சியில் ஓர் ஓடையில் படகில் போய், ஆட்களை விட்டு அடிச்சேற்றைக் கிண்டச் சொல்லி, எரியும் காகிதத்தைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்தார்கள். தண்ணீர்மேல் தீ ஓடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாஷிங்டன் காகிதத்தைக் கொளுத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. எங்களுக்கும் தீப்பெட்டி தேவைப்பட்டது.

மீத்தேன் தானாகப் பற்றாது. காற்றில் அது ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் எரியும். அப்படிக் கலந்திருந்தாலும் தானே தீப்பிடிக்க 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஐப்பசி மாத நடுராத்திரி ஏரியில் 500 டிகிரிக்கு எங்கே போவது? அப்பாயி கேட்டது சரியான கேள்வி.

வேதியியல்காரர்கள் வெகுகாலம் பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் வாயுவைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூவில் ஹோம்ஸ் சைகை என்று படித்திருப்பீர்கள். கால்சியம் கார்பைடும் கால்சியம் பாஸ்பைடும் அடைத்த டப்பாவைக் கடலில் வீசினால் தானே பற்றிக்கொண்டு கப்பலுக்குச் சைகை காட்டும். பாஸ்பீனோடு அதன் உறவுக்கார டைபாஸ்பீனும் கொஞ்சம் சேர்ந்துவிட்டால், காற்றுப் பட்டதும் நெருப்பு. அழுகும் உடலில் பாஸ்பரஸ் உண்டு, ஆகவே சதுப்பிலும் சுடுகாட்டிலும் இதுதான் தீக்குச்சி என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்பீன் எரிந்தால் வெள்ளைப் புகை கிளம்பும், பூண்டும் அழுகிய மீனும் கலந்த நாற்றம் வரும். கொள்ளிவாயைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் புகையையோ நாற்றத்தையோ பேசுவது அபூர்வம். சதுப்புகளில் அளந்து பார்த்தாலும் பாஸ்பீன் மிக மிகச் சொற்பமாகத்தான் சிக்குகிறது. அதை வைத்து ஊதுபத்திகூடக் கொளுத்த முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நேரில் பார்த்த பலர் அந்த வெளிச்சம் சுடவில்லை, பக்கத்துப் புல் கருகவில்லை என்கிறார்கள். சுடாத நெருப்பு என்று ஒன்று உண்டா? உண்டு. 1810-களிலேயே ஹம்ஃப்ரி டேவி கண்டிருக்கிறார்: சில ஆவிகள் மங்கிய வெளிச்சத்தோடு எரியும், விரலை வைத்தால் சுடாது, தீக்குச்சியை நீட்டினால் பற்றாது. குளிர்ச்சுடர் என்று பெயர். விளக்குச் சுடர் மஞ்சளாகத் தெரிவது சூடேறிய கரித்துகள் ஒளிர்வதால். குளிர்ச்சுடரில் கரித்துகள் கிடையாது. பாதியில் நின்றுபோன எரிதலில் ஃபார்மால்டிஹைடு மூலக்கூறு ஒன்று கூடுதல் ஆற்றலோடு பிறக்கிறது, அந்த ஆற்றலை மங்கிய நீல ஒளியாகக் கொட்டிவிட்டு அடங்குகிறது. மின்மினிப் பூச்சி சுடாமல் ஒளிர்வதற்குக் கொஞ்சம் உறவுக்காரன் மாதிரி. ஆனால் ஈதர் போன்ற ஆவிகள் இதற்கு எளிதில் இணங்கும், மீத்தேன் லேசில் மசியாது. அதைத் தட்டி எழுப்ப ஏதோ ஒன்று வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டு அடுப்படிக்கு வாருங்கள். அடுப்புக்கு லைட்டர் வைத்திருப்பீர்கள், 'டிக் டிக்' என்று அழுத்துவது. அதில் தீ கிடையாது, எண்ணெய் கிடையாது. உள்ளே ஒரு படிகத்தைச் சுத்தி போல ஒன்று அடிக்கிறது, முனையில் ஒரு மின்பொறி தாவுகிறது. மீத்தேனுக்கும் காற்றுக்கும் பொருத்தமான கலவை கிடைத்தால், ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்கு சக்தியுள்ள பொறியே போதும். ஒரு ஏலக்காயை ஒரு கைமுழம் உயரத்துக்குத் தூக்குவதைவிடக் குறைவான வேலை. ஏரிக்கு வேண்டியது 500 டிகிரி அடுப்பல்ல, ஒரு லைட்டர்.

அந்த லைட்டர் குமிழிக்குள்ளேயே இருக்கிறது என்கிறது 2025-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸேர் குழு எழுதியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, பேய்ப் பயத்தால் அல்ல.

தண்ணீர் உடையும்போது மின்னூட்டம் பிரியும் என்பது பழைய சங்கதி. அருவி விழும் இடத்தில் காற்று மின்னூட்டம் பெறுவதை பிலிப் லெனார்ட் 1892-லேயே எழுதிவிட்டார். குற்றாலத்தில் சாரலில் நிற்கும்போது நம் முகத்தில் தெறிப்பது வெறும் ஈரமில்லை, மின்னூட்டம் சுமந்த துளிகளும்தான். துளிகள் சிதறும்போது பெரியவை நேர் மின்னூட்டத்தையும் சிறியவை எதிர் மின்னூட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். நேரும் எதிரும் நெருங்கினால் இடையில் ஒரு பொறி தாவும். மேகத்துக்குள் நடப்பதன் பொம்மை வடிவம். ஸேர் குழு இதற்கு நுண்மின்னல் என்று பெயர் வைத்து, அந்த வருடமே முன்பு ஒரு கட்டுரையில், தெளிக்கப்பட்ட நீர்த்துளிகளிடையே இதைக் காட்டியிருந்தது.

அப்புறம் அவர்கள் படத்தைத் தலைகீழாக்கினார்கள். காற்றில் தண்ணீர்த் துளிக்குப் பதிலாகத் தண்ணீரில் காற்றுக் குமிழி. மீத்தேனையும் காற்றையும் கலந்து நுண்குமிழிகளாகத் தண்ணீருக்குள் செலுத்தினார்கள். குமிழியின் தோல் என்பது தண்ணீரும் வாயுவும் தொடும் எல்லை, அங்கே மின்னூட்டம் சேர்ந்துகொள்ளும். குமிழிகள் மேலே ஏறும்போது சும்மா ஏறுவதில்லை. நசுங்கும், நீளும், ஒன்று இரண்டாகும், இரண்டு ஒட்டும். அந்தத் தள்ளுமுள்ளில் மின்னூட்டம் சரிசமமாகப் பங்காவதில்லை. எதிரெதிர் மின்னூட்டமுள்ள இரண்டு குமிழிகள் நெருங்குகின்றன. இடைவெளி மயிரிழையைவிட மெல்லியது. அவ்வளவு குறுகிய இடத்தில் கொஞ்சம் மின்னூட்டமே பெரிய மின்புலத்தை உண்டாக்கிவிடும். பொறி தாவுகிறது. அதிவேகக் கேமராவில் அந்தப் பளிச்சிடல் பதிவானது. பொறி பட்ட மீத்தேன் அறை வெப்பத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து, குளிர்ச்சுடராக மங்கிய ஒளி விட்டது.

தீப்பெட்டி இல்லை, பாஸ்பீன் இல்லை. தண்ணீரும் வாயுவும் உரசிக்கொண்டதே போதுமாக இருந்தது. பனிக்காலத்தில் இருட்டறையில் பாலியஸ்டர் சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமே, குமிழிகள் அதே மாதிரி சட்டை கழற்றுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மஜோரே ஏரியில் வாயு பிடித்த வோல்டா, சதுப்பில் அலையும் வெளிச்சத்துக்கு மின்னல் போன்ற இயற்கை மின்சாரம் காரணமாக இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். மனிதர் மின்பொறியால் வாயுவை வெடிக்க வைக்கும் ஒரு துப்பாக்கியே செய்து விளையாடியவர், வேறெப்படி யோசிப்பார்? அவர் வானத்தைப் பார்த்தார், மின்னல் காலடிக் குமிழியில் இருந்தது.

அவசரப்பட்டுப் பிசாசுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்துவிட வேண்டாம். ஸேர் குழு பார்த்தது ஆய்வகக் குழாயில் கிளம்பிய குமிழிகளை. ஏரிச் சேற்றுக் குமிழி அதைவிடப் பெரியது, சோம்பேறி. அதன் பொறி கரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு வெளிச்சம் தருமா என்பதை ஒரு சதுப்பில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பொறி கிடைத்துவிட்டது, தீவட்டி அளவுக்கு அது வளரும் வழி இன்னும் பாக்கி.

கிட்டே போனால் தள்ளிப் போகிறதே? அதற்கு மின்னல் வேண்டாம். நாம் நடந்தால் காற்று அசையும், லேசான வாயு நகரும், கரை அதிரும், வேறிடத்தில் குமிழி கிளம்பும். அதோடு கும்மிருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவதாகவே கண் சொல்லும். 1935-ல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் இருட்டறையில் இதைச் சோதித்தபோது, தனித்தனியாகப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு தூரம் சொன்னார்கள். கூட்டமாக உட்கார வைத்ததும் எல்லோர் கணக்கும் ஒன்றை நோக்கி நெருங்கிவிட்டது. ஊரே ஒரே பிசாசைப் பார்ப்பது இப்படியும்தான்.

இந்த இடத்தில் என் ஆதங்கம் ஒன்று. வங்காளத்து மீனவர்கள் இதை ஆலேயா என்கிறார்கள். கட்ச் பன்னிப் புல்வெளியில் சிர் பத்தி. நமக்குக் கொள்ளிவாய். சாட்சிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்டில் இதற்குக் கருவியோடு போய் உட்காரப் பணம் கேட்டால் எந்தக் குழுவும் சிரிக்காமல் விண்ணப்பத்தை முடிக்காது. நமக்கு அளக்கத் தெரியாது என்றில்லை. 1990-களின் தொடக்கத்தில், இந்திய நெல்வயல்கள் வருடத்துக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொன்னது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா ஒருங்கிணைத்த குழுக்கள் 1991-ல் வயல்களில் இறங்கின. பயிரின்மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, ஊசியால் காற்றை உறிஞ்சி அளந்தார்கள். விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒன்று! பழி என்று வந்ததும் அளந்தோம். ஆச்சரியம் என்றால் அளக்க மாட்டோமா? மூடநம்பிக்கை ஒழிப்பு மேடையிலும் 'எல்லாம் மீத்தேன்' என்று ஒரு மந்திரத்தை ஓதிவிட்டு இறங்கிவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அளக்க இடமும் குறைந்துகொண்டே வருகிறது. இன்றைய தி.நகர் 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி. ரங்கநாதன் தெருவில் ஒரு காலத்தில் கொள்ளிவாய் உலாவியிருந்தால், அதற்கு இப்போது கால் வைக்க இடமில்லை. பள்ளிக்கரணை மிச்சம் இருக்கிறது, 2022-ல் ராம்சர் தலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் ஆகிவிட்டது. ஆனால் சுற்றிலும் தெருவிளக்கும் கார் வெளிச்சமும். மங்கிய நீல ஒளி ஒன்று அங்கே எழுந்தாலும் யார் கண்ணில் படும்?

ஆகவே, மன்னார்குடி நண்பரே, உங்கள் அப்பாயிதான் எங்களுக்கு இப்போது கருவி. அவரிடம் கேட்டு எழுதுங்கள். எந்த மாதம் அது? ஏரி நிரம்பியிருந்ததா, வற்றிச் சேறாகக் கிடந்ததா? வெளிச்சம் மஞ்சளா, நீலமா? நாற்றம் ஏதும் வந்ததா? அந்த இடத்தில் தண்ணீர் குமிழியிட்ட சத்தம் கேட்டதா? துணிந்து துரத்திக்கொண்டு போனவர் யாராவது இருந்தால், அவருக்குக் கை சுட்டதா என்றும்.