காலடியில் ஒரு செங்கல்: ஜாகுவாரின் மின்சாரக் கார் அவ்வளவு தாழ்வாக வருவது ஏன் கஷ்டம்?

போன மாதம் ஒரு மின்சார டாக்ஸியின் பின் சீட்டில் முக்கால் மணி நேரம் போனேன். சீட் மெத்தென்று இருந்தது, ஏசி குளுகுளுவென்று இருந்தது, ஆனால் இறங்கும்போது தொடை இரண்டும் கடுத்தன. மணைப்பலகையில் உட்கார்ந்த மாதிரி முழங்கால் இடுப்புக்கு மேலே நின்றதும், தொடையில் பாதி சீட்டைத் தொடாமலேயே இருந்ததும்தான் காரணம். நாம் கால் வைக்கிற தரைக்குக் கீழே பேட்டரி படுத்திருக்கிறது, அது தரையையே மேலே தூக்கிவிட்டது. வேண்டுமானால் வீட்டில் சோதித்துப் பாருங்கள். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு செங்கல்லைக் குறுகலான பக்கம் கீழே வரும்படி நிறுத்தி, அதன் மேல் பாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் சுமார் 11 செ.மீ. பிஎம்டபிள்யூ தன் ஐ7 காரில் வைத்திருக்கும் பேட்டரியின் உயரமும் 110 மி.மீ.தான், அதுவே மெல்லிய பேட்டரி என்று பெயர் வாங்கியது.

ஜாகுவார் கொண்டுவரப்போகிற நான்கு கதவு மின்சாரக் காரின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செங்கல்தான் ஞாபகம் வருகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மியாமியில் டைப் 00 என்ற மாதிரிக் காரை அவர்கள் காட்டினார்கள். நீள மூக்கு, தட்டையான கூரை, பின்பக்கக் கண்ணாடியே கிடையாது. அந்த மாதிரிக்கு இரண்டு கதவு, விற்பனைக்கு வருவதற்கு நான்கு. இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில், மின்சாரத்துக்கென்றே புதிதாக வடிவமைத்த அடித்தளத்தின் மேல் கட்டுகிறார்கள். ஒரு சார்ஜில் 770 கி.மீ. வரை, 15 நிமிட சார்ஜில் 321 கி.மீ. வரை என்பது அவர்களே அறிவித்த இலக்கு. இதே நிறுவனம் 2019-இல் தன் பெரிய சொகுசுக் காரான எக்ஸ்ஜே மின்சாரத்தில் வரும் என்று அறிவித்து, 2021-இல் அதைக் கைவிட்டது. 1968-இல் தொடங்கிய எக்ஸ்ஜே வரிசையின் அழகே அதன் தாழ்ந்த கூரைதான், அதனால் இந்த முறையாவது அந்தத் தாழ்வை மின்சாரத்தில் சாதித்துக்காட்ட வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

சரி, கூரை கொஞ்சம் உயர்ந்தால்தான் என்ன? பெட்ரோல் காரில் டிரைவரின் பாதம் கிட்டத்தட்ட காரின் அடித்தகட்டுக்கு மேலேயே இருக்கும். அங்கே பேட்டரியை நுழைத்தால் தரை உயரும், சீட் உயரும், தலை உயரும், கடைசியில் கூரையும் உயரும். ஐ7-இன் உயரம் 1,544 மி.மீ., பிஎம்டபிள்யூவின் முந்தைய தலைமுறை 7 சீரிஸ் காரைவிட ஆறு செ.மீ. அளவுக்கு அதிகம். மெர்சிடிஸின் மின்சாரக் கார் இக்யூஎஸ் 1,512 மி.மீ. ஒன்றரை மீட்டர் அகலக் கூரையை 5 செ.மீ. தூக்கினால், காற்றில் போய் மோதும் முன்பரப்பு சுமார் மூன்று சதவீதம் கூடும். நெடுஞ்சாலையில் அந்த மூன்று சதவீதத்தை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மின்சாரமாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

காற்று எவ்வளவு கேட்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் எதிர்விசை முன்பரப்பையும், உடல் எவ்வளவு வழுவழுப்பாகக் காற்றைப் பிளக்கிறது என்று சொல்லும் குணகத்தையும், வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவது. இக்யூஎஸ்ஸின் குணகம் 0.20, முன்பரப்பு 2.51 சதுர மீட்டர். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. போக, காற்றைத் தள்ள மட்டும் 9.3 கிலோவாட் மணி, அதாவது 9.3 யூனிட். குணகம் 0.30, முன்பரப்பு 2.8 சதுர மீட்டர் என்று ஒரு எஸ்யூவியை வைத்துக்கொண்டால் அதே தூரத்துக்கு 15.6. வித்தியாசம் ஆறு யூனிட்டுக்கு மேல்!

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பேட்டரி கனம், பேட்டரி கனம் என்று எல்லோரும் எடையைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் கனமான காரை வேகமெடுக்கச் செய்யச் செலவான மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கு பிரேக் பிடிக்கும்போது மோட்டார் வழியாகப் பேட்டரிக்கே திரும்பிவிடும், மலை ஏறிய செலவில் ஒரு பகுதி இறங்கும்போது வந்துவிடும். காற்றுக்குக் கொடுத்ததோ கொடுத்ததுதான், ஒரு பைசா திரும்பாது. அதனால்தான் 2022 ஏப்ரலில் மெர்சிடிஸின் இக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற ஆய்வுக் கார், 100 கிலோவாட் மணிக்கும் குறைவான பேட்டரியோடு ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கனில் கிளம்பி பிரான்சின் கஸ்ஸி வரை ஒரே சார்ஜில் 1,000 கி.மீ.க்கு மேல் போனது. அதன் குணகம் 0.17.

அப்போ செங்கல்லை என்ன செய்வது? போர்ஷேயின் மின்சாரக் கார் டைக்கானில் ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். பின் சீட்காரர் பாதம் வைக்கும் இடத்தில் மட்டும் பேட்டரி செல்களை எடுத்துவிட்டு அங்கே ஒரு குழி விட்டார்கள், அதற்கு ‘கால் கராஜ்’ என்றே செல்லப்பெயர். பாதம் கீழே இறங்கினால் முழங்கால் இறங்கும், தலையும் இறங்கும். அதனால் அந்தக் காரின் உயரம் சுமார் 1,380 மி.மீ.தான், நின்றால் ஏறக்குறைய நம் தோளளவுதான் வரும். கொஞ்சம் பேட்டரி இடம் போகும், அது தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்கள்.

இன்னொரு வழி நீளத்தைச் செலவழிப்பது. தாழ உட்கார்ந்தால் காலை நீட்டித்தான் ஆக வேண்டும், தரையில் உட்காரும் யாரையும் பார்த்தால் தெரியும். காலை நீட்ட இடம் வேண்டுமென்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தூரம் வேண்டும், அந்தத் தூரம் கிடைத்துவிட்டால் அதே பேட்டரியை இன்னும் பரப்பி மெல்லியதாகவும் ஆக்கலாம். இக்யூஎஸ்ஸில் அந்தத் தூரம் 3,210 மி.மீ. ஆக, தாழ்வான மின்சாரக் கார் நீளமான காராகத்தான் வரும், வேறு வழியில்லை.

ஆனால் ஜாகுவாரின் மூக்கு நீளம் வேறு விஷயம். மின் மோட்டாருக்கு அவ்வளவு பெரிய பானட் தேவையே இல்லை. காற்றுக்கு உகந்தது இக்யூஎஸ் மாதிரி மூக்கிலிருந்து வால் வரை ஒரே வில்லாக வளைந்த உருவம். மூக்கை நீட்டி கேபினைப் பின்னால் தள்ளினால், கூரை மெதுவாகச் சரிந்து இறங்க இடம் குறைந்துபோகும். சட்டென்று இறங்கினால் காற்று உடலை விட்டுப் பிரிந்து பின்னால் சுழலும், அந்தச் சுழல் காரைப் பின்னுக்கு இழுக்கும். என்னைக் கேட்டால், அந்த மூக்கு முழுக்க முழுக்க ரசனைக்காகத்தான், அதற்கு விலை உண்டு. பின்கண்ணாடியை எடுத்ததில் மட்டும் எனக்கு நியாயம் தெரிகிறது. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சரியாகப் பின் சீட்காரரின் தலைக்கு மேலே வரும். கண்ணாடி போய் கேமரா வந்தால் அந்தச் சட்டத்தைத் தலைக்குப் பின்னால் தள்ளலாம், கூரையைத் தூக்காமலே தலைக்கு இடம் கிடைக்கும். போல்ஸ்டார் 4 என்ற மின்சாரக் கார் இதை ஏற்கெனவே செய்துவிட்டது.

அப்புறம் அந்த 15 நிமிட சார்ஜ். 100 கி.மீ.க்கு 18 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 321 கி.மீ.க்கு சுமார் 58 யூனிட். கால் மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் சராசரியாக 230 கிலோவாட். 400 வோல்ட்டில் கேபிளில் 575 ஆம்பியர் ஓடும், 800 வோல்ட்டில் அதில் பாதி. ஆம்பியர் பாதியானால் அதே கேபிளில் சூடு நான்கில் ஒரு பங்காகக் குறையும். 2019-இல் டைக்கான் 800 வோல்ட்டோடு வந்ததற்குக் காரணம் இதுதான், இவ்வளவு வேகச் சார்ஜ் பேசுகிற எவரும் அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும்.

அந்தக் கார் ஷோரூமுக்கு வரும் நாளில் எல்லோரும் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பார்கள். நான் கேட்க நினைப்பது பின் சீட்டின் கால்குழி எவ்வளவு ஆழம் என்று. அந்த அளவு விவரப் பட்டியலில் பொதுவாக இருக்காது. பின் கதவைத் திறந்து, உட்கார்ந்து, தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே கை நுழைகிறதா என்று விட்டுப் பார்க்க வேண்டும்.